ஹபீத் மலையடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2025 பெப்ரவரியில் நாங்கள் குடும்பமாக டுபாய்ப் பக்கம் போய்வந்ததை அறிந்த பலரும், "தங்கம் வாங்கவோ போனனீங்கள்?" என்று கேட்டார்கள். "சைக்கிள் ஓட்டம் பார்க்கப் போனோம்" என்று சொன்னால் சிரித்தார்கள். அது முழு உண்மையுமல்ல. சார்ஜாவில் வேலை செய்யும் எங்கள் தம்பியைப் பதினான்கு வருடங்களின் பின் காணத்தான் போனோம். நாங்கள் ஊருக்குப் போக முடியாது, எங்கள் கையிலிருப்பது அகதிகளுக்கான பயணப் புத்தகம். அவன் டென்மார்க்குக்கு வர விசா கிடைக்காது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடு தேவைப்பட்டது. எங்கள் விசா விண்ணப்பத்தை முதல் தடவை மறுத்து, இரண்டாம் தடவை தந்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நாங்கள் என்றால் ஒரு தொழிற்சாலைக்காரன், அவன் மனைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன். எந்த மாதம் போவது என்று யோசித்தபோது பெப்ரவரி என்று முடிவாகியதற்குக் காரணம் அந்தச் சைக்கிள் ஓட்டமேதான். 'யூஏஈ ரூர்' என்று அதற்குப் பெயர். ஏழு நாட்கள், ஏழு எமிரேட்டுகளின் வீதிகளில், உலகின் முதல்தரக் குழுக்கள் ஓடுகின்றன. பார்ப்பதற்குக் காசு இல்லை, ரிக்கற் இல்லை. வீதியோரத்தில் போய் நின்றால் போதும். எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட மலிவான உலகப் போட்டி வேறு எது?

இந்தப் பைத்தியம் எங்களுக்கு எப்படிப் பிடித்தது என்பதைப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும். 2012 மே மாதம் நாங்கள் யூலண்டில் அகதி முகாமில் இருந்தோம். ஹேர்னிங் நகரம் முழுவதும் ஒரே இளஞ்சிவப்பு நிறமாக மாறியது. ஏதோ கோயில் கொடியேற்றம் மாதிரி என்று நினைத்தோம். இத்தாலியின் பெரிய ஓட்டமான ஜீரோ அந்த வருடம் இத்தாலியில் அல்ல, எங்கள் ஹேர்னிங்கில் தொடங்கியது. மொழி தெரியாது, கையில் காசு இல்லை, வழக்கு என்னாகும் என்று தெரியாது. ஆனாலும் பஸ் பிடித்துப் போய் வேலியோரம் நின்றோம். ஆளாளாகத் தனித்தனியே நேரம் குறித்து ஓடிய அன்றைய ஓட்டத்தை டெயிலர் பின்னி என்ற அமெரிக்கப் பொடியன் வென்றான். பக்கத்தில் நின்ற டெனிஷ் அம்மா ஒருவர் எங்களிடம் ஒரு சிறு கொடியைத் தந்தார். முகாமுக்கு வெளியே எங்களிடம் யாரும் எதையும் விசாரிக்காமல் தந்த முதல் பொருள் அது.

பிறகு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்களுக்கு எதிரே நின்று வேலை செய்யும் டெனிஷ்காரர் கதைத்தால் சைக்கிள் ஓட்டம்தான் கதைப்பார். யோனாஸ் விங்கெகோரின் பெயரை முதலில் அவர்தான் சொன்னார். யூலண்டின் வடமேற்கே, ஹன்ஸ்ற்ஹோல்மில் காலையில் மீன் தொழிற்சாலையில் பனிக்கட்டியும் மீனும் அடுக்கிவிட்டுப் பின்னேரம் சைக்கிள் பயிற்சிக்குப் போன பொடியன். அவன் 2022 இலும் 2023 இலும் பிரான்ஸின் ரூர் ஓட்டத்தை வென்றபோது எங்கள் சாப்பாட்டறையில் கேக் வெட்டினார்கள். ஜூலை மாதங்களில் ரிவி 2 முன்னால் இருந்தே நாங்கள் பாதி டெனிஷ் படித்தோம் எனலாம். வகுப்பில் மண்டையில் ஏறாத எண்களும், தூரமும், காற்றும், மலையும் அங்கே தானாக ஏறின. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட எங்களுக்கு அது பெரிய காரியம். புதிதாக வந்தவர்கள் செய்து பாருங்கள்.

இனி வளைகுடாவுக்கு வருவோம். பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் பனிகொட்டும் மாதங்களில் ஓட்டக்காரருக்கு வெயில் வேண்டும், வளைகுடா அரசுகளுக்குத் தங்கள் நாட்டை உலகம் ரிவியில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போயின. கட்டார் 2002 இல் தொடங்கி 2016 வரை நடத்தியது. ஓமான் 2010 இல் தொடங்கியது. டுபாய் 2014 இல், அபுதாபி 2015 இல் தனித்தனியே நடத்தி, 2019 இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதுதான் நாங்கள் பார்த்த ஓட்டம். சவூதி 2020 இல் வந்து சேர்ந்தது. ஓட்டம் நடத்துவதோடு நிற்காமல், 2017 இல் ஒரு பழைய இத்தாலியக் குழுவையும் எமிரேட்ஸ்காரர் பொறுப்பேற்றார்கள். இன்று உலகின் முதல் ஓட்டக்காரரான ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர் அந்தக் குழுவில்தான் ஓடுகிறார். காசு கொடுத்து வாங்கிய புகழ் என்று எங்கள் டெனிஷ்காரர் முணுமுணுப்பார். இருக்கலாம். ஆனால் மலையைக் காசு கொடுத்து ஏற முடியாது, அதைக் காலால்தான் ஏறவேண்டும்.

விமானத்தால் இறங்கியது புதன் இரவு. தம்பி வாசலில் நின்றான். நாங்கள் விட்டுவந்தபோது மீசை அரும்பாத பொடியன், இப்போது முன்தலையில் மயிர் குறைந்து ஐயாவின் சாயலில் நிற்கிறான். யாரும் அதிகம் பேசவில்லை. மகன்தான், "சித்தப்பா, உங்களிட்டை சைக்கிள் இருக்கோ?" என்று கேட்டு எல்லோரையும் காப்பாற்றினான்.

இருந்தது. சார்ஜாவின் கைத்தொழில் பகுதியில் தங்குமிடத்திலிருந்து பட்டறைக்கு அவன் சைக்கிளில்தான் போகிறான். மறுநாள் காட்டினான். மூன்று கைமாறி வந்தது, பின்னால் இரும்புக் கரியர், சீற்றுக்கு மேல் பொலித்தீன் உறை. அந்தப் பகுதியில் எங்கு பார்த்தாலும் இப்படியான சைக்கிள்கள்தான். தமிழ்நாடு, கேரளம், வங்காளதேசம், நேபாளம் என்று எல்லா ஊர் மனிதர்களும் அதிகாலையில் வீதியின் ஓரமணலை ஒட்டிப் போகிறார்கள். ஓட்டக்காரரின் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று உலகச் சங்கத்தின் விதி உண்டு. விலை பத்தாயிரம் யூரோவைத் தாண்டும். தம்பியின் சைக்கிளை மகள் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மூன்று சைக்கிள்" என்றாள்.

எங்களுக்கு ஐயாவின் றலி நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் எரிபொருளுக்குத் தடை, பெற்றோல் மருந்துக்கும் இல்லை. வைத்தியரும் சைக்கிள், மணமகனும் சைக்கிள், பிரேதத்துக்குச் சொல்லப் போகிறவனும் சைக்கிள். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவுக்குக் கறண்ட் எடுத்துச் செய்தி கேட்போம். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊர் முழுவதும் எழும்பி நடந்தபோது, மூத்த பிள்ளையை முன்பாரிலும் இளையவனைக் கரியரிலும் வைத்து, நாவற்குழி மட்டும் ஐயா அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓடுவதற்கு இடமில்லை, சனம் அவ்வளவு. அடுத்த வருடம் கிளாலியில் வள்ளம் ஏற, முழங்கால் தண்ணீரில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அந்தச் சைக்கிளை விட்டோம். ஐயாவையும் அங்கேதான் விட்டோம்.

வெள்ளிக்கிழமை டுபாய் நகரத்துக்குள் ஐந்தாம் நாள் ஓட்டம். தம்பிக்கு அன்று அரைநாள்தான் வேலை. சந்தியொன்றில் ஒரு மணித்தியாலம் காத்து நின்றோம். பொலிஸ் மோட்டார்சைக்கிள்கள், பிறகு கார்கள், பிறகு "விர்" என்று ஒரு சத்தம். நாலு செக்கனில் எல்லாம் முடிந்தது. மகன், "எங்கை?" என்று கேட்டபோது அவர்கள் அடுத்த சந்தியில் நின்றிருப்பார்கள். சமவெளி ஓட்டத்தில் அப்படித்தான். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே கும்பலாக வருவார்கள், கடைசி நூறு மீற்றரில் மிக வேகமானவன் வெல்வான். அன்று பெல்ஜியத்தின் ரிம் மேர்லியே வென்றதாகப் பிறகு தெரிந்தது. நேரில் பார்க்கப் போகிறவர்கள் சமவெளி நாளைத் தெரிவு செய்யாதீர்கள், அதை ரிவியில் பாருங்கள்.

ஆனால் சமவெளியிலும் காற்று அடித்தால் கதை வேறு. இதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசும் நாட்களில் பண்ணைப்பாலத்தால் தீவுப்பக்கம் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும். காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது முன்னால் போகிறவனின் பின்னால் ஒழிக்க முடியாது, அவனுக்குச் சற்றுப் பக்கத்தில்தான் ஒழிக்கலாம். லொறி ஒன்று வந்தால் அதன் மறைவில் ஒட்டிக்கொண்டு போவோம். ஓட்டக்காரரும் அதையே செய்கிறார்கள். வீதியின் குறுக்கே சரிவான ஒரு வரிசை அமைத்துக்கொள்கிறார்கள். வீதியின் அகலத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் ஓரத்தில் ஒருவன் பின் ஒருவனாகக் காற்றை வாங்கி, அறுந்து போவார்கள். அறுந்தால் பிறகு ஒட்டுவது கடினம். 2016 ஒக்டோபரில் டோகாவில் நடந்த உலகப் போட்டியில் இப்படித்தான் பாலைவனத்தின் நடுவே கும்பல் இரண்டாகப் பிளந்தது. பெரிய பெயர்கள் பல பின்னால் விடுபட்டன. முன்னால் அகப்பட்ட சிறு கூட்டத்துக்குள் சரியான நேரத்தில் ஒட்டிக்கொண்ட ஸ்லோவாக்கியாவின் பீற்றர் சாகன் உலகப் பட்டத்தை வென்றார். மலையே இல்லாத நாட்டில் காற்றுத்தான் மலை.

சனிக்கிழமை தம்பிக்கு வேலை. அவனுடைய அறைத்தோழர், வான் ஓட்டும் திருநெல்வேலிக்காரர், எங்களை ஹத்தாவுக்குக் கூட்டிச்சென்றார். மொட்டை மலைகள், அணைக்கட்டு, மலைச்சரிவில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் மலைச்சைக்கிள் பாதைகள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு ஏற்ப நிறக்குறி. நாங்கள் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்துப் பச்சையில் கொஞ்சத்தூரம் ஓடினோம். ஊரில் லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன மனைவிதான் எல்லோரையும்விட நன்றாக ஓடினாள் என்பதை இங்கு பதிவு செய்யும்படி உத்தரவு.

வீதிக்கு வெளியே நடக்கும் ஓட்டங்கள் தனி உலகம். மலைச்சைக்கிள் ஒன்று, குளிர்காலத்தில் சேற்றில் ஓடும் சைக்கிளோகுறொஸ் இன்னொன்று, கொங்கிறீற் சறுக்குகளில் பாய்ந்து சுழலும் பிஎம்எக்ஸ் வேறொன்று. கடைசியாகச் சொன்ன வகைக்கான உலகப் போட்டியை அபுதாபி 2022 இலும் 2024 இலும் நடத்தியது. முன்பெல்லாம் வீதி ஓடுகிறவன் வீதி, சேறு ஓடுகிறவன் சேறு. இப்போது எல்லாம் கலந்துவிட்டது. நெதர்லாந்தின் மத்யூ வன் டேர் பூல் 2025 வரை ஏழு தடவை சேற்று ஓட்டத்தில் உலகச் சம்பியன். அவரே 2021 இல் இந்த யூஏஈ ஓட்டத்தின் முதல் நாளைப் பாலைவனக் காற்றில் வென்றார். மறுநாள் குழுவில் ஒருவருக்குக் கொரோனா என்று எல்லோரும் பெட்டி கட்டவேண்டி வந்தது. இங்கிலாந்தின் ரொம் பிட்கொக் மலைச்சைக்கிளில் ரோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். நாங்கள் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன் சவூதியின் அல்உலா ஓட்டத்தை வென்றிருந்தார். சேற்று ஓட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஓட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அதைத் தம்பிக்குத் தொலைபேசியில் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தான். "கிளாலி" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி 23, கடைசி நாள். அல் ஐன் நகரத்தருகே, ஓமான் எல்லையில் நிற்கும் ஜெபல் ஹபீத் மலைதான் முடிவிடம். சார்ஜாவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி ஓட்டம். அதிகாலையில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். மலையடியில் முபஸ்ஸரா என்ற பச்சைப் புல்வெளி இருக்கிறது. வெந்நீர் ஊற்று வாய்க்காலாக ஓடும், எங்கள் கன்னியா ஞாபகம் வரும். அங்கே வானை விட்டுவிட்டு, வீதியை மூடுமுன் மேலே நடந்தோம். ஏற்றம் சுமார் 11 கிலோமீற்றர். நூறு மீற்றர் போனால் ஏறக்குறைய ஏழு மீற்றர் உயரும், சில இடங்களில் பதினொன்று. முடிவிடம் ஆயிரம் மீற்றர் உயரத்துக்குச் சற்று மேலே. இரண்டு வளைவு ஏறியதும் மகன் உட்கார்ந்துவிட்டான். அதுவே எங்கள் இடமாயிற்று.

காத்திருந்த நேரத்தில்தான் தம்பி மனம்விட்டுக் கதைத்தான். கோடையில் வெளிவேலை எப்படி என்று கேட்டோம். ஜூன் நடுவிலிருந்து செப்ரெம்பர் நடுமட்டும் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை செய்விக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, மற்ற நேரம் வெயில்தான் என்றான். அப்போது 2015 இல் ஓமான் ஓட்டத்தில் நடந்ததை அவனுக்குச் சொன்னோம். அன்று முதலில் மணற்புயல். அதற்காகத் தொடங்குமிடத்தை மாற்றினார்கள். பிறகு வெப்பம் நாற்பதைத் தாண்டி, இறக்கத்தில் பிறேக் பிடிக்கப் பிடிக்க ரயர்கள் வெடித்தன. ஓட்டக்காரர் எல்லோரும் ஒரு பாலத்தின் கீழ் நிழலில் போய் நின்று, ஓடமாட்டோம் என்றுவிட்டார்கள். அமைப்பாளர்களோடு வந்திருந்த பழைய மாவீரர் எடி மேர்க்ஸுக்குக் கோபம், ஆனாலும் அந்த நாளைக் கைவிட வேண்டியதாயிற்று.

தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணை, நாங்கள் எல்லாரும் ஒருநாள் பாலத்துக்குக் கீழை போய் நிண்டா?" என்றான். பிறகு தானே சிரித்துவிட்டு, புட்டுப் பார்சலை அவிழ்த்தான்.

பின்னேரம் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டது. மலை ஓட்டத்தை ஏன் நேரில் பார்க்க வேண்டும் என்றால், ஏற்றத்தில் அவர்கள் மெதுவாகத்தான் வரமுடியும், முகம் தெரியும். முதலில் பொகாச்சரின் குழுக்காரர் முன்னுக்கு வந்து இழுத்தார்கள். ஒரு குழுவில் ஏழு பேர், அதில் ஆறு பேரின் வேலை ஏழாமவனுக்குக் காற்றை மறைப்பது. ஒருவன் தன்னால் இயன்றமட்டும் இழுத்துவிட்டு ஓரமாக விலகுவான், அடுத்தவன் இழுப்பான். விலகியவனை ரிவி பிறகு காட்டாது. எங்கள் வளைவில் அப்படி ஒருவன் விலகினான். வாய் திறந்தபடி, உப்புப் பூத்த முகத்தோடு, எங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் போனான். தம்பி அவனுக்குத்தான் கை தட்டினான்.

பொகாச்சர் சிவப்பு மேலங்கியில், வாயை மூடிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன்போல் போனார். எங்களைக் கடந்து மேலே போனபின் தனித்துப் புறப்பட்டு, தனியாகவே உச்சியை அடைந்து, 2021, 2022 க்குப் பிறகு மூன்றாம் தடவையாக ஓட்டத்தை வென்றார். இத்தாலியின் ஜூலியோ சிக்கோனே இரண்டாமிடம். இரண்டு கிழமைக்கு முன் இதே மலையில் முடிந்த பெண்கள் ஓட்டத்தில் இத்தாலியின் எலிசா லொங்கோ போர்கினி வென்றிருந்தார். பெண்களுக்கான ஓட்டத்தை 2023 இல்தான் தொடங்கினார்கள் என்று அறிந்த மகள், "ஏன் அவ்வளவு பிந்தி?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் ஆள் விங்கெகோர் வரவில்லை. அதே ஞாயிறு அவர் போர்த்துக்கலில் இன்னொரு ஓட்டத்தை வென்றுகொண்டிருந்தார். 2021 இல் இந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான ஜெபல் ஜெய்ஸில் அவர் பொகாச்சரையே முந்தி வென்றவர். பிரான்ஸில் வெல்லுமுன், பலர் பெயரையே அறியாத காலம் அது. தம்பிக்கு அந்த மீன் தொழிற்சாலைக் கதையைச் சொன்னபோது நம்பவில்லை. "சும்மா விடாதேங்கோ அண்ணை" என்றான்.

முன்னவர் போனதும் பலர் கலைந்தார்கள். நாங்கள் நின்றோம். பிறகுதான் பின்கூட்டம் வந்தது. சமவெளியில் மன்னர்களான தடித்த தொடைக்காரர்கள், மலையில் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு ஒரே வேகத்தில் ஏறுவார்கள். வென்றவனின் நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு கெடு இருக்கிறது, அதற்குள் வராதவன் பெயர் பட்டியலில் இருக்காது. அவர்கள் கணக்குப் பார்த்து, கெடுவுக்குச் சற்று முன்னே எல்லோரையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். போட்டிக்காரர் ஆளுக்காள் தண்ணீர் மாற்றிக் குடிப்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். கடைசியாக ஒருவன் தனியே. அவனுக்குப் பின்னால் வழியில் விட்டவர்களை ஏற்றும் வான். அவன் எங்களைப் பார்த்துத் தலையசைத்தான். நாங்கள் ஐந்து பேரும் தொண்டை கட்டக் கத்தினோம், தமிழில்.

இறங்கி வரும்போது வீதியோரக் கற்களுக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு கிடந்தது. 2021 இலிருந்து கண்ட இடத்தில் போத்தல் எறிந்தால் தண்டம், ஆனால் கைதவறி விழுவது விழத்தான் செய்யும். மகன் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். மலையடி வந்ததும் என்ன நினைத்தானோ, "சித்தப்பா, உங்கடை சைக்கிளுக்கு" என்று நீட்டினான்.

செவ்வாய்க்கிழமை திரும்பினோம். போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை: ஓட்டம் பெப்ரவரியில் நடப்பது வழக்கம், மலை நாளைத் தெரிவு செய்யுங்கள், வீதி மூடுமுன் போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம், நிழல் கிடையாது. பயணப் புத்தகம் வைத்திருப்போர் விசா கையில் வருமுன் விமான ரிக்கற் எடுக்காதீர்கள், நாங்கள் ஒருமுறை எடுத்துக் காசை இழந்தோம். 2028 இல் வீதி ஓட்டத்தின் உலகப் போட்டியே அபுதாபியில் நடக்க இருக்கிறது. தம்பியின் வேலை ஒப்பந்தம் 2027 இல் முடிகிறது. நீடிப்பார்களா என்று அவன் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான்.

போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய ரியூபை நாடாவாக வெட்டி, அந்தப் போத்தலைச் சைக்கிள் பாரில் வரிந்து கட்டியிருக்கிறான்.